லாக் ஏற்றியாச்சு, உறுதி வரவில்லை: எல்ஓடிடபிள்யூ கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

விடியற்காலை 4:50. நாகர்கோவிலில் தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. மொட்டை மாடிக்கும் தென்னைக்கும் நடுவே இழுத்துக் கட்டிய டைபோல் ஆண்டெனாவில், 40 மீட்டர் பேண்டில், கரீபியன் தீவு ஒன்று நம் ரேடியோ அடையாளமான கால்சைனைத் திருப்பிச் சொல்கிறது. சிக்னல் ரிப்போர்ட் போய் வந்து தொடர்பு முடிந்தது, தொடர்புக் குறிப்பேடான லாகிலும் ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், தொடர்புகளை உறுதிசெய்யும் இணையதளமான லாக்புக் ஆஃப் த வேர்ல்டில், அதாவது எல்ஓடிடபிள்யூவில், அந்த வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை. காலியாகவே கிடக்கிறது.

இந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் நம் மாவட்டத்துப் புது ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோ இயக்குகிறவர்கள்) என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். ஆண்டெனா, ரிக் பற்றிய கேள்விகளெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெரும்பாலும் எதிர்முனைக்காரர் மேல் வருத்தத்தோடுதான் வருவார்கள். உட்கார்ந்து பார்த்தால், பத்தில் எட்டு தடவை கோளாறு நம் பக்கத்து லாகிலேயே இருக்கும். அதனால் அறிகுறி எதுவானாலும் முதலில் நம் லாகைத் திறப்போம்.

எல்ஓடிடபிள்யூ எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் 2003இல் இதைத் தொடங்கியது. நாம் நம் லாகை, அது தரும் சர்டிஃபிகேட்டை வைத்து, டிக்யூஎஸ்எல் என்ற மென்பொருளில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு ஏற்றுகிறோம், எதிர்முனைக்காரர் அவருடையதை ஏற்றுகிறார். ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படாது. இரண்டு பக்கத்துக் கால்சைன், நேரம், பேண்ட் (அலைவரிசைப் பட்டை), மோடு (தொடர்பு முறை) ஆகிய நான்கும் பொருந்தினால் உறுதி. நேரத்தில் மட்டும் 30 நிமிடம் வரை முன்பின் இருக்கலாம். சாட்டிலைட் வழித் தொடர்பென்றால் சாட்டிலைட்டின் பெயரும் பொருந்த வேண்டும். சிக்னல் ரிப்போர்ட், பெயர், கிரிட் (இடத்தைக் காட்டும் சதுரக் குறி) எதையும் அது ஒப்பிடாது. பொருந்தவில்லை என்றால் ஏன் என்று சொல்லவும் சொல்லாது. அந்தக் காரணத்தை நாம்தான் அறிகுறியிலிருந்து பிடிக்க வேண்டும்.

ஒன்றுகூட உறுதியாகவில்லை

குளச்சல் பக்கம் ஒரு தம்பி. ஒரு வருடமாக, கணினி வழி இயங்கும் எஃப்டி8 என்ற மோடில் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தார். "அண்ணே, நூத்துக்கணக்குல போட்டிருக்கேன், ஒண்ணுகூட வரல்ல. என் சர்டிஃபிகேட் செல்லாதோ?" என்று கேட்டார். சர்டிஃபிகேட் செல்லாவிட்டால் லாக் ஏறியே இருக்காது. ஏறியிருக்கிறது, ஆனால் எதுவுமே பொருந்தவில்லை என்றால் சந்தேகம் முதலில் கடிகாரத்தின் மேல்தான் போக வேண்டும்.

அவருடைய கணினித் திரையில் மூலையில் இருந்த மணி சரியாக இருந்தது. இரவு 9:00. சுவர்க் கடிகாரமும் அதையே காட்டியது. ஆனால் எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஜன்னலில் ஓடிய யுடிசி நேரம் (லாக் எழுதும் உலகப் பொது நேரம்) 05:00 என்றது, தேதியும் ஒரு நாள் முன்னே போயிருந்தது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் 15:30 அல்லவா வர வேண்டும்? விண்டோஸை மறுபடி போட்டவர் டைம் ஜோனை மாற்றாமல் அமெரிக்கப் பசிபிக் நேரத்திலேயே விட்டிருக்கிறார். மணி தப்பாகத் தெரிந்ததும் இணையத்திலிருந்து நேரம் எடுப்பதை அணைத்துவிட்டு, முள்ளைக் கையால் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போக வைத்துவிட்டார். கணினிக்கோ அவர் இன்னும் கலிபோர்னியாவில்தான் இருக்கிறார். இரவு 9 மணியோடு 8 மணி நேரத்தைக் கூட்டி அதை யுடிசி என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. மொத்தம் 13 மணி 30 நிமிட வித்தியாசம்.

இவ்வளவு தப்பான நேரத்தில் எஃப்டி8 எப்படி ஓடியது என்று கேட்கலாம். எஃப்டி8 பார்ப்பது விநாடியை மட்டும்தான். 15 விநாடிக்கு ஒரு முறை அனுப்பும் முறை மாறும், அந்தத் தொடக்கம் ஒரு விநாடிக்குள் ஒத்திருந்தால் போதும். மணி எவ்வளவு தப்பாக இருந்தாலும் டிகோட் ஆகும், பதில் வரும், தொடர்பும் முடியும். அதனால்தான் இந்தக் கோளாறு ரேடியோவில் தெரிவதே இல்லை, லாகில் மட்டும் ஒளிந்திருக்கிறது.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். கைபேசியில் மணி பாருங்கள். ஐந்தரை மணி கழியுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் காட்டும் யுடிசியோடு ஒப்பிடுங்கள். தேதியையும் சேர்த்துப் பாருங்கள். நமக்குக் காலை 5:30 ஆகும்போதுதான் யுடிசியில் புது நாள் பிறக்கிறது. தொடக்கத்தில் சொன்ன 4:50 தொடர்பு நம் நாள்காட்டியில் ஜனவரி 12 என்றால், லாகில் ஜனவரி 11, 23:20 என்று இருக்க வேண்டும். கையால் லாக் எழுதுகிறவர்கள் மணியைச் சரியாகக் கழித்துவிட்டுத் தேதியை மறந்துவிடுவது இந்த விடியற்கால நேரத்தில்தான். அப்படி எழுதினால் சரியாக 24 மணி நேரம் தள்ளிப்போகும், அந்த வரி ஒருநாளும் பொருந்தாது.

சரிசெய்ய, டைம் ஜோனில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்து, இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதியை மறுபடி இயக்குங்கள். பழைய லாகைத் திருத்துவதுதான் பொறுமை வேண்டிய வேலை. லாக் சேமித்திருக்கும் ஏடிஐஎஃப் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நேரத்தையும் தேதியையும் சேர்த்துப் பின்னால் தள்ளுங்கள். பசிபிக் நேரமாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடை நேரம். அப்போது கணினி தானாக ஒரு மணி முன்னே போயிருக்கும், நீங்களும் "மணி தப்பு" என்று கையால் திரும்பப் பின்னே வைத்திருப்பீர்கள். அந்த மாதங்களில் வித்தியாசம் 12 மணி 30 நிமிடம்தான். குளச்சல் தம்பியின் லாகை இரண்டாகப் பிரித்துத்தான் திருத்தினோம். இரவு ஏற்றினோம். மறுநாள் காலையில் உறுதிப் பக்கம் நிறைந்திருந்தது. முதல் வரி மொரீஷியஸ்.

தப்பான நேரத்தோடு முன்பு ஏறிய வரிகளை எல்ஓடிடபிள்யூவிலிருந்து நாம் அழிக்க முடியாது. கவலைப்பட வேண்டாம். பொருந்தாமல் அப்படியே கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்லை.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வழியில் இதே நோய் வரும். போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் யுடிசியாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்ததும் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

பாதி வருகிறது, பாதி வரவில்லை

இது கையால் நேரம் எழுதுகிறவர்களிடம் மட்டும் பார்த்த அறிகுறி. ஐந்தரைக்குப் பதில் ஐந்து மணி கழித்திருப்பார்கள். வித்தியாசம் சரியாக 30 நிமிடம், அதாவது எல்லைக்கோட்டின் மேலேயே. எதிர்முனைக்காரர் தொடர்பு தொடங்கிய நிமிடத்தை எழுதினாரா, முடிந்த நிமிடத்தை எழுதினாரா என்பதைப் பொறுத்துச் சில வரிகள் உள்ளே விழும், சில வெளியே போகும். எந்த நாடு வந்தது, எது வரவில்லை என்று பார்த்தால் ஒரு ஒழுங்கும் தெரியாது. ஒழுங்கே இல்லாத பாதிப் பாதி என்றால் இந்த அரை மணியைச் சந்தேகியுங்கள்.

டிக்யூஎஸ்எல் தேதி எல்லைக்கு வெளியே என்று வரிகளைத் தள்ளுகிறது

துலா மழை மாதங்களில் வரும் கோளாறு இது. ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலமானால் மலைப்பக்கத்திலிருந்து இடி இறங்கிவிடும். நாமெல்லாம் ஆண்டெனா கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, கணினியின் பிளக்கையும் பிடுங்கி வைப்போம். அது செய்யத்தான் வேண்டும். ஆனால் மின்சாரம் முழுதாக நின்றபின் கணினிக்கு நேரத்தை நினைவில் வைத்திருப்பது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்றுதான். அது தீர்ந்துபோயிருந்தால், மறுநாள் இயக்கும்போது தேதி பல வருடம் பின்னே போய் நிற்கும். இணையம் வருவதற்குள் ரிக்கைத் திருப்பி நாலு தொடர்பு போட்டுவிட்டால், அந்த நாலும் நீங்கள் லைசென்ஸ் வாங்குவதற்கு முந்தைய தேதியில் பதிவாகும்.

சர்டிஃபிகேட் கேட்கும்போது, இந்தக் கால்சைனில் முதல் தொடர்பு எந்தத் தேதி என்று ஒன்று கொடுத்தோம் அல்லவா? அதற்கு முந்தைய தேதியுள்ள வரியில் டிக்யூஎஸ்எல் கையெழுத்துப் போடாது. அது தள்ளியது நல்லதுதான், இந்த ஒரு இடத்தில் கோளாறு வாய்விட்டுச் சொல்கிறது. பேட்டரியை மாற்றுங்கள், அந்த நாலு வரியின் தேதியைத் திருத்துங்கள்.

தேதி சரியாக இருந்தும் தள்ளினால், சர்டிஃபிகேட் கேட்ட நாளில் தொடக்கத் தேதியைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள். லைசென்ஸ் கிடைத்த நாளைப் போடாமல் சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பம் போட்ட நாளைப் போட்டவர்கள் உண்டு. திருத்திய தேதியோடு புதுச் சர்டிஃபிகேட் கேட்டால் வந்துவிடும்.

ஒரு நாளுக்குப் பின் எதுவும் வரவில்லை, அல்லது ஒரு பேண்டு மட்டும் வரவில்லை

ரிக்குக்கும் கணினிக்கும் நடுவிலுள்ள கேட் கேபிளைப் பாருங்கள். கடற்கரையோரம் உப்புக்காற்றில் யுஎஸ்பி முனை பச்சை பிடித்துவிடும். முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் வீடு என்றால் இதைச் சொல்லவே வேண்டாம். கேபிள் தொடர்பு விட்டுப்போனதும் மென்பொருள் கடைசியாகப் பார்த்த அலைவரிசையிலேயே நின்றுவிடும். நீங்கள் ரிக்கில் 15 மீட்டருக்குப் போயிருப்பீர்கள், லாகில் 20 மீட்டர் என்றே ஏறிக்கொண்டிருக்கும்.

இதைத் திருத்தும்போது நினைவை நம்பி எழுதக்கூடாது. எல்லாத் தொடர்பும் ஒரே பேண்டில் இருக்கிற நாளைக் கண்டுபிடியுங்கள். அன்றைய ரிக் மெமரி, நோட்டுப்புத்தகம், ரிவர்ஸ் பீக்கன், பிஎஸ்கே ரிப்போர்ட்டர் போன்ற பொதுப் பதிவுகளில் உங்கள் சிக்னல் எந்த அலைவரிசையில் கேட்டது என்ற குறிப்பு ஏதாவது கிடைத்தால் அதை வைத்துத் திருத்துங்கள். ஒன்றும் கிடைக்காத வரியை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.

எஃப்டி4 மட்டும் உறுதியாவதில்லை

2019இல் வந்த எஃப்டி4, ஏடிஐஎஃப் முறைப்படி எம்எஃப்எஸ்கே என்ற பெரிய மோடின் கீழே துணை மோடாக எழுதப்பட வேண்டும். பழைய லாக் மென்பொருள் துணை மோடை விட்டுவிட்டு வெறும் எம்எஃப்எஸ்கே என்று எழுதிவிடும், இல்லையென்றால் டிக்யூஎஸ்எல் அந்த மோடு தெரியாது என்று நிற்கும். லாக் மென்பொருளையும் டிக்யூஎஸ்எல்லையும் அதன் கட்டமைப்புக் கோப்பையும் புதுப்பித்தால் போதும். எஃப்டி8இல் பேசியதை ஒருவர் எஃப்டி4 என்று எழுதியிருந்தால் ஒருநாளும் பொருந்தாது. குரல் தொடர்பில் ஒருவர் எஸ்எஸ்பி என்றும் மற்றவர் வெறும் ஃபோன் என்றும் எழுதினால் பொருந்திவிடும்.

எல்லாம் வருகிறது, அந்த ஒரு அரிய நாடு மட்டும் வரவில்லை

மனசுக்கு மிகவும் வலிக்கிற அறிகுறி இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில், அவர் எல்ஓடிடபிள்யூவில் இருக்கிறாரா என்று பாருங்கள். உள்ளே போய் 'ஃபைண்ட் கால்' என்ற இடத்தில் அவர் கால்சைனைத் தட்டினால் கடைசியாக எந்த நாளில் லாக் ஏற்றினார் என்று காட்டும். அந்தத் தேதி உங்கள் தொடர்புக்கு முந்தையது என்றால் காத்திருப்பதுதான் வேலை. தீவுகளுக்குப் பயணம் போய் இயக்குகிறவர்கள் ஊர் திரும்பி, செலவுக் கணக்கை எல்லாம் முடித்து, பல மாதம் கழித்துத்தான் ஏற்றுவார்கள். அவசரப்பட்டு மெயில் எழுதாதீர்கள்.

உங்களுக்குப் பின் தேதியில் ஏற்றியிருக்கிறார், ஆனாலும் நீங்கள் இல்லை என்றால், தொடர்பு உண்மையில் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ஃபைல் மெனுவில் 'ஓப்பன் லாக் டைரக்டரி' என்று ஒன்று உண்டு. அங்கே 'ஆல்' என்ற பெயரில் ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். நீங்கள் கேட்டது, அனுப்பியது எல்லாம் வரிவரியாக அதில் இருக்கும். வருடக்கணக்கில் பெருத்துப் போயிருக்கும், திறக்க நேரமானால் பொறுங்கள். அவர் கால்சைனைத் தேடுங்கள். ஒரு வரி இப்படித் தொடங்கும்:

250111_232015 7.074

முதல் ஆறு எண்ணும் ஆண்டு, மாதம், நாள். அடிக்கோட்டுக்குப் பின்னே யுடிசி நேரம் விநாடி வரை. அடுத்து அலைவரிசை மெகாஹெர்ட்ஸில். அதற்கப்புறம் கேட்டதா அனுப்பியதா என்ற குறி, மோடு, சிக்னல் அளவு, நேர வித்தியாசம், கடைசியில் செய்தி. கேட் கேபிள் ஒழுங்காக இருந்த நாட்களில் இந்தக் கோப்பிலுள்ள அலைவரிசையே நல்ல சாட்சி. நேர வித்தியாசம் என்ற எண்ணையும் பாருங்கள். வருகிற எல்லா நிலையத்துக்கும் ஒரே பக்கமாக ஒரு விநாடிக்கு மேல் காட்டினால் உங்கள் கடிகாரம்தான் தள்ளி ஓடுகிறது.

இப்போது அந்தத் தொடர்பின் கடைசி நாலைந்து வரிகளைப் படியுங்கள். அவர் உங்களுக்கு ஆர்ஆர்73 (எல்லாம் கிடைத்தது, வணக்கம் என்ற முடிவுச் செய்தி) அனுப்பிய வரி இருந்தால் அவர் பக்கம் முடிந்தது, பெரும்பாலும் லாகிலும் இருப்பீர்கள். நீங்கள் ஆர்ஆர்73 அனுப்பிய பிறகும் அவர் 'ஆர்' போட்ட ரிப்போர்ட்டையே மறுபடி அனுப்பியிருந்தால், உங்கள் கடைசிச் செய்தி அவருக்குக் கேட்கவே இல்லை. உங்கள் திரையில் லாக் ஜன்னல் எழும்பியது, நீங்கள் ஓகே தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டீர்கள். அவரோ இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவர் லாகில் நீங்கள் இல்லாதது நியாயம்தான்.

ஒருமுறை எனக்கே இப்படி ஆயிற்று. பசிபிக்கில் ஒரு தீவு. இரண்டு வருடம் காத்திருந்தேன். கோப்பைத் திறந்து பார்த்தால், என் ஆர்ஆர்73க்கு அடுத்த வரியிலேயே அவருடைய ரிப்போர்ட் மறுபடியும் வந்திருந்தது, அதற்கடுத்தும் ஒரு முறை. அவர் கேட்டுக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் நான் ஒரு ஜப்பான்காரருக்கு ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து, ஆர்ஆர்73 அனுப்பினபின் குறைந்தது ஒரு முறையாவது காது கொடுத்துக் கேட்காமல் நகர்வதில்லை.

கோப்பில் எல்லாம் முழுசாக இருந்து, அவர் அதற்குப் பின்னும் ஏற்றியிருந்து, அப்படியும் உறுதி வராவிட்டால் அப்போது எழுதலாம். சுருக்கமாக, மரியாதையாக, "என் லாகில் உங்களோடு ஒரு தொடர்பு இருக்கிறது, உங்கள் லாகில் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா" என்று எழுதுங்கள். அவருடைய லாகை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதியது ஒத்துப்போவதுதான் உறுதி. நாம் சொல்லி அவர் எழுதினால் அதற்கு மதிப்பே இல்லை.

இக்யூஎஸ்எல்லில் பச்சையாக இருக்கிறது, டிஎக்ஸ்சிசியில் ஏறவில்லை

ஏறாது. இக்யூஎஸ்எல், க்யூஆர்இசட் லாக்புக், எல்ஓடிடபிள்யூ மூன்றும் தொடர்பை உறுதிசெய்யும் இணையதளங்கள்தான், ஆனால் தனித்தனி வீடுகள். மற்ற இரண்டில் கிடைத்த உறுதி எல்ஓடிடபிள்யூவுக்குப் போகாது. 100 நாடு சேர்த்து வாங்கும் டிஎக்ஸ்சிசி விருதுக்கு எல்ஓடிடபிள்யூ உறுதி அல்லது காகித அட்டைதான் செல்லும், இக்யூஎஸ்எல் செல்லாது. அதற்காக இக்யூஎஸ்எல்லை விட்டுவிட வேண்டாம், அங்கே வரும் அட்டைகள் பார்க்க அழகாக இருக்கும், சில வேறு விருதுகளுக்கு எடுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். டிஎக்ஸ்சிசி நோக்கம் என்றால் எல்ஓடிடபிள்யூவில் ஏற்றுவதை முதல் வேலையாக வையுங்கள். எல்ஓடிடபிள்யூவிலேயே உறுதி வந்தபிறகும் விருதுக் கணக்கில் சேர விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு.

புதுக் கணினி வாங்கினேன், டிக்யூஎஸ்எல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறது

நம் கையெழுத்தின் ரகசியச் சாவி இணையதளத்தில் இல்லை, நம் கணினிக்குள்தான் இருக்கிறது. சர்டிஃபிகேட் கேட்ட கணினியில்தான் அந்தச் சாவி பிறந்தது. சர்டிஃபிகேட்டாக வந்த டிக்யூ6 கோப்பை மட்டும் மெயிலிலிருந்து எடுத்துப் புதுக் கணினியில் போட்டால், பூட்டு இருக்கும், சாவி இருக்காது. பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால், அதில் டிக்யூஎஸ்எல்லைத் திறந்து முழு பேக்கப் எடுத்து, பென்டிரைவில் கொண்டுவந்து புதியதில் மீட்டெடுங்கள். உங்கள் இடத்தின் விவரம் வைத்திருக்கும் ஸ்டேஷன் லொகேஷன்களும் சேர்ந்தே வந்துவிடும்.

பழைய கணினி போயே போய்விட்டது என்றால் புதுச் சர்டிஃபிகேட்தான். 2017 நவம்பர் 30இல் ஓகி புயல் வந்துபோனபோது, கடலோரத்தில் ஒரு நண்பரின் ஓட்டு வீட்டுக்குள் தண்ணீர் கொட்டி, லாக் வைத்திருந்த கணினி முழுதும் ஊறிப்போயிற்று. நாட்கணக்கில் கரண்டும் இல்லை. சர்டிஃபிகேட்டை மறுபடி கேட்டு வாங்க முடிந்தது. ஏற்றாமல் வைத்திருந்த லாக் மட்டும் போனது போனதுதான். எல்ஓடிடபிள்யூவில் ஏற்றியது பத்திரமாக இருக்கும் என்று நினைத்து லாகை அழிக்கவும் கூடாது. அங்கே கிடப்பது பொருத்திப் பார்க்கத் தேவையான விவரம் மட்டும், உங்கள் முழு லாக் அங்கே இல்லை. மாதம் ஒருமுறை ஏடிஐஎஃப் நகலையும் டிக்யூஎஸ்எல் பேக்கப்பையும் வீட்டுக்கு வெளியே எங்காவது வையுங்கள், உறவுக்காரர் வீட்டில் ஒரு பென்டிரைவ் ஆனாலும் சரி.

கையெழுத்துப் போடும்போது பாஸ்வேர்டு கேட்டால், அது இணையதளப் பாஸ்வேர்டு இல்லை. சர்டிஃபிகேட்டுக்கு நீங்களே வைத்தது. மறந்துபோனால் யாராலும் மீட்டுத்தர முடியாது, புதுசாகத்தான் கேட்க வேண்டும். சர்டிஃபிகேட் மூன்று வருடத்துக்குச் செல்லும். முடிவதற்குள் புதுப்பித்தால் பழைய கையெழுத்தே சாட்சியாகிவிடும், லைசென்ஸ் நகல் மறுபடி அனுப்ப வேண்டாம்.

முதல் முறை கேட்டு, பதிலே வரவில்லை என்றால் நீங்கள் அனுப்பிய ஆவணங்களைப் பாருங்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்கள் லைசென்ஸ் நகலும், பெயர் காட்டும் வேறொரு அரசு ஆவணமும் அனுப்ப வேண்டும். நம் ஊரில் லைசென்ஸில் அப்பா பெயர் இனிஷியலாகவும், பாஸ்போர்ட்டில் முழுசாக விரித்தும் இருக்கும். பார்க்கிறவருக்கு இரண்டும் வேறு ஆள் போலத் தோன்றலாம். மெயிலில் ஒரே வரியில் அதை விளக்கிவிடுங்கள்.

விக்டர் யூனிஃபார்ம் த்ரீயிலிருந்து டூவுக்கு மாறினேன், பழைய உறுதிகள் வரவில்லை

ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸிலிருந்து ஜெனரலுக்கு ஏறினால் கால்சைனின் தொடக்கம் வியு3இலிருந்து வியு2ஆக மாறும். எல்ஓடிடபிள்யூவுக்குப் புதுக் கால்சைன் வேறு ஆள். பழைய லாகையும் புதுக் கால்சைனில் கையெழுத்திட்டு ஏற்றியிருப்பீர்கள், எதிர்முனையில் பழைய கால்சைன் இருக்கும். பழைய சர்டிஃபிகேட்டையே வைத்துப் பழைய நாட்களின் லாகை ஏற்றுங்கள். புதுக் கால்சைனுக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள். இரண்டையும் ஒரே கணக்கின் கீழ் வைத்து, விருதுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்துவாழ்மலை மேல் ஏறி 'ஸ்ட்ரோக் பி' போட்டு இயக்கினாலும் இதே கதைதான். பின்னொட்டோடு உள்ள கால்சைன் தனிக் கால்சைன், தனிச் சர்டிஃபிகேட் வேண்டும். மலைக்கு ராஸ்பெரி பை கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பழைய பை மாடல்களில் கடிகார பேட்டரியே கிடையாது. இணையம் இல்லாத இடத்தில் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். விநாடியை மட்டும் கைபேசி பார்த்துச் சரிசெய்துவிட்டு மணியை விட்டுவிட்டால், வீட்டுத் தொடர்பெல்லாம் உறுதியாகும், மலைத் தொடர்பு மட்டும் வராது.

எனக்கு எல்லாம் சரி, எதிர்முனைக்காரர் என் கிரிட் தப்பு என்கிறார்

கிரிட் தப்பானாலும் உறுதி வந்துவிடும். அதனால் நமக்குத் தெரியாமலே பல வருடம் போய்விடும், பாதிக்கப்படுவது அவர். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை நம் மாவட்டம் முழுதும் எம்ஜே88. திருவனந்தபுரமும் திருநெல்வேலியும் அதே சதுரம்தான். தூத்துக்குடி போனால் எம்ஜே98. டெல்லியோ எம்எல்88. இரண்டாம் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், தரையில் அது 20 பாகை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். டெல்லி நண்பர் ஒருவரின் அமைப்பைப் பார்த்து நகலெடுத்தவரின் ஸ்டேஷன் லொகேஷனில் எம்எல்88 இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

50 மெகாஹெர்ட்ஸில், அதாவது 6 மீட்டரில், 100 சதுரம் சேர்த்து வியுசிசி விருது வாங்க ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். நம் மாவட்டத்துச் சதுரத்தில் 6 மீட்டரில் இயங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவருக்கு எம்ஜே88 கிடைத்த அந்த ஒரு சாயங்காலம், நம் தப்பால் டெல்லிக் கணக்கில் போய்விடுகிறது. டிக்யூஎஸ்எல்லில் ஸ்டேஷன் லொகேஷனைத் திறந்து கிரிட்டைத் திருத்துங்கள். திருத்தியபின் அதே லாகை மறுபடி கையெழுத்திட்டு ஏற்றுங்கள். ஏற்கெனவே ஏற்றியது என்று அது தடுத்தால், மறுபடி ஏற்ற அனுமதி கொடுங்கள். அப்புறம் அவருக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள், திருத்தியாச்சு, பாருங்கள் என்று. தன் கணக்கு சரியானதும் பதில் எழுதுவார்.